உயில் வந்த வழி

'உயில்' என்பது நம் மொழியில் பிறந்த சொல் அன்று. 'வில்' என்ற ஆங்கிலச் சொல்லே தமிழர் நாவில் பழகி 'உயில்' ஆயிற்று. மரண சாசனம் என்று சிலர் வடமொழி வழியில் கூறினர். விருப்ப ஆவணம் என்று இக்காலத்தில் சிலர் எழுதுகின்றனர். எனினும் பத்திர எழுத்தர் முதல் பாட்டி வரை எல்லாரும் வழங்குவது உயில் என்பதையே. சொல்லைக் கடன் வாங்கிய மக்கள், அது குறிக்கும் வழக்கத்தையும் கடன் வாங்கினார்களா? வாங்கினார்கள் எனின், அவ்வழக்கம் எப்போது, எவ்வழியாக நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தது? இவ்வினாவுக்கு விடை காண்பது வரலாறு கற்கும் மாணவர்க்குப் பயன் தரும். நிலபுலம் மிகுந்த வீட்டுக்கும், சொத்து என்று சொல்ல ஒரு கிணறும் நான்கு புளிய மரங்களும் மட்டுமே உள்ள வீட்டுக்கும் அது பயன் தரும்.

பழைய இந்து தரும நூல்களில் உயில் இல்லை. அதற்குத் தக்க காரணம் உண்டு. குடும்பச் சொத்து தந்தை ஒருவருக்கே உரியதாக அன்று கருதப்படவில்லை. மகனும் பேரனும் பிறந்த அன்றே அதில் உரிமை பெற்றனர். ஒருவர் இறந்தால் அவருடைய பங்கு எஞ்சிய ஆண்மக்களைத் தானே சென்று சேர்ந்தது. ஆகவே, 'எனக்குப் பின் இது இன்னாருக்கு' என்று ஒருவர் தனியே சொல்வதற்கு இடமே இருக்கவில்லை. பெண்களுக்கு இம்முறையில் பெரும்பாலும் உண்டி உடையளவான உரிமையே கிடைத்தது என்பதையும் மறத்தல் ஆகாது.

உயில் இல்லையே அன்றிக் கொடை இருந்தது. ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில், போளூர்ப் பகுதியில் உள்ள ஊர் சந்தவாசல். அதற்கு அருகிலுள்ள படவேடு பதினான்காம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகராக விளங்கியது. அக்காலத்திலும் அதற்கு முன்பும் தமிழ்நாட்டில் ஒருவர் கோயிலுக்கு நிலமோ பொன்னோ ஆடோ அளித்தால், அதனைக் கல்லில் வெட்டினர். கோயிலில் என்றும் எரியும் விளக்கு ஒன்றுக்குத் தொண்ணூறு அல்லது தொண்ணூற்றாறு ஆடுகளை விடுவது வழக்கம். கிழடு கழிந்தால் குட்டி வந்து எண்ணிக்கை நிறைவதால், அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்றே கல்வெட்டுகள் குறிக்கின்றன. கொடுத்தவர் பெயர், பெற்றவர் பொறுப்பு, நிலத்தின் நான்கு எல்லை, அறிந்து ஒப்பமிட்டவர்களின் பெயர் ஆகியவற்றை அக்கற்களில் காணலாம். ஆனால் இவை அனைத்தும் கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே கைமாறியவை. உயிலோ, எழுதியவர் இறந்த பின்னரே உயிர் பெறுகிறது. கொடைக்கும் உயிலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே. இதனை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்வரும் வரலாறு எளிதில் விளங்கும்.

ஆங்கில வணிகர் கோட்டை கட்டிக் குடியேறிய நகரங்களில்தான் இந்துக்களின் உயில்கள் முதலில் தோன்றின. வங்காளத்தில் உமிசந்த் என்னும் வணிகர் 1758-இல் எழுதியதை, நமக்குத் தெரிந்த இந்து உயில்களுள் மிகப் பழையதாகக் கூறுவர். குடும்பச் சொத்திலிருந்து வேறாக, தம் சொந்த முயற்சியால் பெரும்பொருள் ஈட்டிய ஒரு வகுப்பார் இந்நகரங்களில் வளர்ந்து வந்தனர். வெள்ளையர்க்கும் நாட்டு மக்களுக்கும் இடையே நின்று மொழியும் வாணிகமும் பேசிய துபாஷிகள் அவர்களுள் முதன்மையானவர்கள். தாமே ஈட்டிய பொருளைத் தாமே முடிவு செய்து வழங்கலாம் என்ற எண்ணம் அவர்களுக்கு வந்ததில் வியப்பில்லை.

தமிழ்நாட்டில் அத்தகைய உயில்களுள் புகழ் பெற்றது பச்சையப்ப முதலியாருடையது. அவர் 1754-இல் பிறந்தார். பிறப்பதற்கு முன்பே தந்தையை இழந்தவர். வறுமையில் வளர்ந்து, ஆதரித்தோர் துணையால் கணக்கும் மொழியும் கற்று, சென்னையில் துபாஷியாகித் தஞ்சை அரசரின் கொடுக்கல் வாங்கலிலும் பங்கு கொண்டு பெருஞ்செல்வர் ஆனார். 1794 மார்ச்சு மாதத்தில், சோழ நாட்டில் தங்கியிருந்தபோது, தம் செல்வத்தின் பெரும்பகுதியை அறத்துக்கு என்று ஒதுக்கி உயில் எழுதினார். அம்மாதம் முடிவதற்குள் அவர் காலமானார். அப்போது அவருக்கு வயது நாற்பதே.

உயில் தெளிவாகவே இருந்தது. அதனால் மட்டும் அறம் நடந்துவிட்டதா? இல்லை. உயிலை நிறைவேற்ற வேண்டியவர் பொறுப்பிலும், உறவினர் உரிமைப் போராட்டத்திலும் பொருள் சிக்கிக்கொண்டது. ஆண்டுக்கு ஆண்டு வழக்கு நீண்டது. சென்னையில் 1801-இல் ஏற்பட்ட சுப்ரீம் கோர்ட்டில் அரசாங்கத்தின் அட்வகேட் ஜெனரல் தலையிட்ட பின்னரே அறப்பொருள் மீட்கப்பட்டது. வட்டியோடு அது பல லட்ச ரூபாயாகப் பெருகியிருந்தது. கோயில் அறங்களுக்கு வேண்டியதை ஒதுக்கிய பின் மிஞ்சியதைக் கல்விக்குச் செலவிடலாம் என்று திட்டம் வகுக்கப்பட்டது. அன்று அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் இதில் பெரிதும் உழைத்தார். இந்துக்களே அமைந்த அறங்காவலர் குழு பொறுப்பேற்றது. 1842-இல் சென்னைப் பிராட்வேயில் பச்சையப்பர் பள்ளி திறக்கப்பட்டது. ஏதென்சு நகரத்துப் பழங்கோயிலின் சாயலில் எழுந்த பச்சையப்பன் மண்டபம் 1850-இல் திறக்கப்பட்டது. பள்ளி வளர்ந்து 1889-இல் முதல்நிலைக் கல்லூரி ஆயிற்று. 1940-இல் கல்லூரி சேத்துப்பட்டுக்கு மாறியது.

1794 எங்கே, 1842 எங்கே! இடையில் நாற்பத்தெட்டு ஆண்டுகள். அக்காலத்தில் பிறந்த குழந்தை பேரன் பேத்தி எடுக்கப் போதிய காலம் அது. உயில் எழுதுவது பாதி வேலை. அதை நிறைவேற்ற நேர்மையும் ஆற்றலும் உள்ளவரைத் தேர்ந்து நியமிப்பது மற்றொரு பாதி. இதைப் பச்சையப்பர் உயிலின் வரலாறு நன்கு உணர்த்துகிறது. மேலைநாட்டிலும் இதற்கு ஒப்புமை உண்டு. ஆல்பிரட் நோபெல் 1895-இல் பாரிசு நகரில் வழக்கறிஞர் துணை இன்றித் தம் உயிலைத் தாமே எழுதி, நான்கு சாட்சிகள் முன் கையெழுத்திட்டார். பரிசுகளை வழங்குவதற்குரிய அமைப்பு எதையும் அதில் அவர் ஏற்படுத்தி வைக்கவில்லை. உறவினர் எதிர்ப்பையும் வேறு பல தடைகளையும் கடந்து 1901-இல்தான் முதல் நோபெல் பரிசுகள் வழங்கப்பட்டன. பச்சையப்பர் உயிலுக்கு நாற்பத்தெட்டு ஆண்டுகள் ஆயின. நோபெல் உயிலுக்கு, அவர் இறந்த பின் ஐந்து ஆண்டுகளே ஆயின. பொறுப்பு ஏற்றவர்களின் விரைவும் விடாமுயற்சியும் அதற்கு ஒரு காரணம் ஆகும்.

சென்னை நகரில் இவ்வாறு உயில்கள் பெருகியபோது, நகருக்கு வெளியே நிலைமை வேறாக இருந்தது. இந்து தரும நூல்களில் உயில் இல்லாமையால், அது செல்லுமா என்ற ஐயம் கம்பெனி ஆட்சியினரைத் தொடர்ந்து வருத்தியது. 1829-ஆம் ஆண்டின் ஐந்தாம் ரெகுலேஷன் வாயிலாகச் சென்னை மாகாண அரசு ஒரு விதி செய்தது. இந்து தரும முறைக்கு இசைந்த அளவுக்கு மட்டுமே இந்துவின் உயில் செல்லும் என்பது அவ்விதி. அதாவது, தரும முறையில் இல்லாத ஒன்று தரும முறைக்கு இசைந்தால் செல்லும் என்றார்கள்! நீதிமன்றங்கள் குழம்பியதில் வியப்பு என்ன? 1856-இல் இலண்டன் பிரிவி கவுன்சில், ஆண்மக்கள் இல்லாத சென்னை மாகாணத்து இந்து ஒருவரின் உயிலை ஏற்றுத் தீர்ப்பளித்தது. உயிரோடு இருக்கும்போது தானமாகக் கொடுக்கக் கூடியதை உயிலாலும் கொடுக்கலாம் என்ற கருத்து இதன்பின் வலுப்பெற்றது. 1862-இல் தோன்றிய சென்னை உயர்நீதிமன்றமும் அவ்வழியிலேயே சென்றது.

உரிமை வந்ததும் எல்லையும் வரையப்பட்டது. கல்கத்தாவில் பிரசன்ன குமார தாகூர் என்னும் செல்வர், கிறித்தவ சமயம் தழுவிய தம் மகனுக்கு எதுவும் சேராதபடி உயில் எழுதி 1868-இல் இறந்தார். சொத்து எக்காலத்தும் தாம் வகுத்த வரிசைப்படியே ஆண்வழியில் செல்ல வேண்டும் என்றும் எழுதினார். வழக்கு பிரிவி கவுன்சிலை அடைந்தது. ஒருவர் தம் விருப்பப்படி புதியதொரு வாரிசு முறையையே படைத்துவிட முடியாது என்றும், தாம் இறக்கும்போது பிறந்திராதவருக்கு உயிலால் கொடுக்க முடியாது என்றும் 1872-இல் முடிவு ஆயிற்று. பிறவாதவர் பற்றிய தடையைப் பிற்காலத்துச் சட்டங்கள் தளர்த்தின. இறந்தவர் கை உயிரோடு இருப்பவர்களை என்றென்றும் பிடித்துக்கொண்டிருக்கலாகாது என்ற கருத்தோ இன்றும் நிலைத்து நிற்கிறது.

உயிலை எப்படி எழுத வேண்டும் என்பது அடுத்த வினா. இங்கிலாந்தில் 1837-ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்து, கையெழுத்து, இரு சாட்சிகள் ஆகிய மூன்றையும் வற்புறுத்தியது. இந்தியாவில் 1865-இல் வந்த வாரிசுரிமைச் சட்டம் இதைப் பின்பற்றிற்று. ஆனால் இந்துக்களை விலக்கி வைத்தது. 1870-இன் இந்து உயில் சட்டம் அவ்விதிகளை வங்காளப் பகுதிகளுக்கும், சென்னை, பம்பாய் நகரங்களுக்கும் மட்டும் விரித்தது. சென்னை நகர எல்லைக்கு வெளியே உள்ள நிலத்துக்கு வெளியூரில் எழுதப்பட்ட உயில் இதற்குள் அடங்கவில்லை.

இதன் விளைவைச் சந்தவாசலில் நின்று பார்ப்போம். சென்னை மயிலாப்பூரில் இருந்த ஒருவருக்கு இரு சாட்சிகள் வேண்டும்; அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கிய சந்தவாசலில் ஏர் உழுத ஒருவருக்கு எழுத்தே வேண்டியதில்லை! கட்டிலில் படுத்தபடி அவர் வாயால் சொன்னாலும், அது மெய்ப்பிக்கப்பட்டால், சட்டத்தின்முன் உயிலாகவே நின்றது. இவ்வேற்றுமை ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1925-இல் இந்திய வாரிசுரிமைச் சட்டம் தொகுக்கப்பட்டது. 1929-இல் அது திருத்தப்பட்டபோது, 1927 ஜனவரி முதல் நாளிலிருந்து இந்துக்கள் எழுதும் எல்லா உயில்களுக்கும் இரு சாட்சி விதி பொதுவாயிற்று. உயிலின் முறை மலையடிவாரத்தை வந்து அடைந்த நாள் அது என்று கொள்ளலாம்.

சட்டம் வந்து சேர்ந்தது. பழக்கம் அவ்வளவு விரைவில் மாறவில்லை. நான் பள்ளியில் பணியாற்றிய காலத்தில், அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்த மாணவன் ஒருவன் பத்தாம் வகுப்பின் நடுவில் நின்றுவிட்டான். அவன் பாட்டனார் இறக்குமுன் திண்ணையில் அமர்ந்து, கிணற்று மேட்டையும் புளியந்தோப்பையும் இன்னின்னாருக்கு என்று சொல்லியிருந்தார். கிணறு தம்பிக்கு என்று சொன்னதாக ஒரு மகன் நினைவு கூர்ந்தார்; தண்ணீர் இருவருக்கும் என்றதாக மற்றவர் உறுதி கூறினார். இருவரும் பொய் சொன்னதாக நான் எண்ணவில்லை. ஒரே சொல்லை இரண்டு செவிகள் இரண்டாகக் கேட்டிருந்தன. வழக்குக்குப் பணம் கட்ட ஆடுகள் விற்கப்பட்டன. பையன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். அரைத் தாள் எழுத்தும் இரண்டு கையெழுத்தும் இருந்திருந்தால் அவன் தேர்வு எழுதியிருப்பான்.

அந்த அரைத் தாளில் என்ன இருக்க வேண்டும்? இந்துக்களுக்கு உரிய விதிகளைச் சுருக்கமாகக் காண்போம். எழுதுபவர் பதினெட்டு வயது நிறைந்தவராகவும், தாம் செய்வது இன்னதென்று உணரும் தெளிந்த அறிவு உடையவராகவும் இருத்தல் வேண்டும். அச்சுறுத்தியோ, ஏமாற்றியோ, மறுக்க முடியாதபடி நச்சரித்தோ வாங்கிய உயில் செல்லாது. எழுதியவர் கையெழுத்திட வேண்டும்; எழுதத் தெரியாதவர் கைந்நாட்டு வைக்கலாம். குறைந்தது இரண்டு சாட்சிகள், அவர் கையெழுத்திட்டதைக் கண்டோ, 'இது என் கையெழுத்தே' என்று அவர் வாயால் கேட்டோ, அவர் முன்னிலையில் தாமும் ஒப்பமிட வேண்டும். இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்க வேண்டும் என்பதில்லை. சொத்துப் பெறுபவர் அல்லாத, எழுதியவரினும் இளைய, நம்பத்தக்க இருவரைச் சாட்சியாக்குவது அறிவுடைமை. பிற்காலத்தில் உயிலை மெய்ப்பிக்க நேர்ந்தால், உயிரோடு உள்ள சாட்சி ஒருவரையேனும் நீதிமன்றம் கேட்கும். 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தில் இருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்திலும் தொடர்கிறது.

முத்திரைத் தாள் வேண்டியதில்லை. வெள்ளைத் தாள் போதும். பதிவு செய்வது கட்டாயம் அன்று. எனினும் செய்தல் நன்று. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி உயிலை உறையிலிட்டு முத்திரை வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கவும் செய்யலாம். எழுதியவர் உயிரோடு உள்ளவரை எத்தனை முறையும் மாற்றலாம். முறைப்படி எழுதிய கடைசி உயிலே நிற்கும். ஆதலால் நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றைத் தவறாது எழுத வேண்டும். சர்வே எண்ணும் நான்கு எல்லையும் குறிக்க வேண்டும். கடன் இருந்தால் அதையும், நிறைவேற்றுபவர் பெயரையும், சிறு குழந்தைகள் இருந்தால் அவர்களைக் காப்பவர் பெயரையும் சேர்க்க வேண்டும். வங்கிக் கணக்கில் நியமனதாரர் பெயர் எழுதியிருந்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். நியமனதாரர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே. அது யாருக்கு உரியது என்பதை உயிலோ வாரிசுச் சட்டமோ முடிவு செய்யும். முஸ்லிம்களுக்கும் கிறித்தவர்களுக்கும் விதிகள் சிறிது வேறுபடும். முஸ்லிம் ஒருவர் வாரிசுகளின் இசைவின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் வழங்க இயலாது. கிறித்தவர் எழுதிய உயில் அவருடைய திருமணத்தால் நீங்கிவிடும்.

எவ்வளவு முறையாக எழுதினாலும், ஐயத்துக்கு இடமான சூழல் இருந்தால் நீதிமன்றம் எளிதில் ஏற்பதில்லை. மைசூர்ப் பகுதியிலிருந்து வந்த வேங்கடாசல ஐயங்கார் வழக்கில், 1959-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதியில் வெளியான முடிவில், உச்சநீதிமன்றம் இதனை விரிவாக விளக்கியது. கையெழுத்தில் நடுக்கம், மனைவி மக்களைக் காரணமின்றி ஒதுக்குதல், பயன் பெறுபவரே முன்னின்று எழுதுவித்தல் ஆகியவை ஐயத்தை எழுப்பும். அவ்வையத்தைத் தீர்க்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது. இறந்தவர் வந்து சாட்சி சொல்ல இயலாது என்பதே இத்தனை எச்சரிக்கைக்கும் காரணம்.

உயிலால் நன்மை மட்டுமே விளைந்தது என்று கூற முடியாது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம், தந்தை விட்டுச் சென்ற சொத்தில் மனைவிக்கும் மகளுக்கும் மகனோடு ஒத்த உரிமை தந்தது. அதே சட்டம், கூட்டுக் குடும்பச் சொத்தில் தம் பங்கை உயிலால் வழங்கும் உரிமையையும் முதன்முறையாக அளித்தது. மகளுக்குச் சட்டம் கொடுத்ததை உயிலால் தடுத்த தந்தையர் உண்டு. தமிழ்நாட்டில் 1989-இலும், இந்தியா முழுவதும் 2005-இலும் செய்த திருத்தங்கள் மகளையும் பிறப்பாலேயே பங்காளி ஆக்கின. இப்போது தந்தை தம் பங்கை மட்டுமே எழுத முடியும். மகளின் பங்கில் கை வைக்க முடியாது.

சந்தவாசலிலிருந்து மேலே ஏறினால் மலையாளி என்னும் பழங்குடி மக்களின் ஊர்கள் தொடங்குகின்றன. இவர்கள் கேரளத்தவர் அல்லர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகக் கூறும் தமிழ் பேசும் மக்கள். மத்திய அரசு தனியே அறிவித்தால் அன்றி, 1956-ஆம் ஆண்டுச் சட்டம் பட்டியல் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அச்சட்டமே கூறுகிறது. ஆகவே அடிவாரத்தில் ஒரு சட்டமும், மலைமேல் வழக்காறும் என்ற நிலை. மயிலாப்பூருக்கும் சந்தவாசலுக்கும் அன்று இருந்த வேற்றுமையை இது நினைவூட்டுகிறது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி கிடைக்கும் நில உரிமை வாரிசுகளைச் சேரும். பிறருக்கு விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ இயலாது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் அது பதிவாக வேண்டும். இத்தகைய நிலம் உள்ளவர் உயில் எழுதுமுன் இலவசச் சட்ட உதவி மையத்தில் கேட்டுத் தெளிதல் நலம்.

மாணவர்களே! உங்களில் பலர், உங்கள் வீட்டில் முதன்முதலாகப் படிப்பவர்களாக இருக்கலாம். பட்டாவையும் பழைய பத்திரத்தையும் பெரியவர்களுக்குப் படித்துச் சொல்லும் பணி உங்களுடையதே. இருவர் முன் எழுதி ஒப்பமிடுதல் என்பது அயலார் நம்மீது சுமத்திய சடங்கு என்று அவர்கள் கருதினால், கோயில் சுவரைக் காட்டுங்கள். கொடுத்ததை எல்லை குறித்து எழுதி, அறிந்தவர் பெயரை அடியில் வெட்டி வைத்த மக்கள் நம் முன்னோர். உயில் என்ற பெயரே புதியது; நாலு பேர் அறியக் கொடுத்தல் என்னும் முறை பழையது. பாட்டனார் நலமாகவும் தெளிவாகவும் இருக்கும் ஒரு நாளில், எல்லாப் பிள்ளைகளையும் பெண்களையும் எண்ணிப் பார்த்து அவர் எழுதட்டும். ஒருவருக்குக் குறைத்துக் கொடுத்தால் காரணத்தையும் அதில் எழுதட்டும். அதை எழுத நீங்கள் துணை நில்லுங்கள். ஆனால் உங்கள் பெயருக்கு என்று கேளாதீர்கள்.